இடது கன்னம் மட்டும் முந்திக்கொண்டது: ஒரு டிரக் ஓட்டுநரின் முகத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

தோல் மருத்துவப் பாடங்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் படம் ஒன்று உண்டு. 69 வயது ஆணின் முகம், நேர்முகமாக எடுத்தது. வலது பாதியைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் எண்பதைத் தாண்டியவர் என்று சொல்லத் தோன்றும். இடது பாதியை மறைத்தால் வயதுக்கு உரிய முகம்தான். இந்தப் படத்தை 2012 ஏப்ரலில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டவர்கள் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் கோர்டனும் ஹோவாகின் ப்ரியேவாவும். படத்தோடு வந்த குறிப்பு ஒரு பத்தி அளவுதான். ஆனால் தோல் ஏன் சுருங்குகிறது, அதில் எவ்வளவு வயதின் வேலை, எவ்வளவு தடுக்கக்கூடியது என்ற கேள்விகளுக்கு இவ்வளவு நேரடியான சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

நோயாளி

அவர் 28 ஆண்டுகள் சரக்கு விநியோக டிரக் ஓட்டியவர். அமெரிக்க வண்டிகளில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருப்பதால், அவரது இடது கன்னம் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டியே இருந்தது. சுமார் 25 ஆண்டுகளாக முகத்தின் இடது பக்கத் தோல் மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்கிவந்தது என்பதுதான் அவர் சொன்னது. வலி, எரிச்சல் என்று எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்தக் கடைசி விவரத்தை லேசாகக் கடந்துவிடக் கூடாது. வெயிலில் தோல் சிவந்து எரிந்தால் யாரும் நிழலுக்கு ஒதுங்குவார்கள். இவருக்கு அந்த எச்சரிக்கை வந்ததாகவே தெரியவில்லை. காரணம் கண்ணாடியில் இருக்கிறது, கீழே பார்ப்போம்.

பரிசோதனையும் திசு ஆய்வும்

இடது பக்கத்தில் மேல்தோலின் கெராட்டின் எனும் கடினப் புரதப் படலம் தடித்திருந்தது. வரப்பு வரப்பாக மேடும் இடையில் ஆழமான பள்ளமும் இருந்தன. வாய் திறந்த கரும்புள்ளிகள் பல. ஆங்காங்கே முடிச்சு முடிச்சாகத் திரண்ட பகுதிகள். சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்தோலில், தோலுக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் சிதைந்த பொருளாகக் குவிந்து கிடந்தது. பூனைமுடியின் வேர்ப்பைகளுக்குள் மிலியா எனப்படும் சிறு கெராட்டின் உருண்டைகள் உருவாகியிருந்தன.

முடிச்சு, கரும்புள்ளி, இத்தகைய சிறு கட்டி மூன்றும் சேர்ந்து வரும் இந்தத் தோற்றத்துக்கு ஃபாவ்ர்–ராகுஷோ நோய்க்கூட்டு என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ஃபாவ்ர் 1932இல் இதைக் குறிப்பிட்டார். ஜான் ராகுஷோ 1951இல் விரிவாக எழுதினார். சூரிய ஒளியால் தோல் முதுமையடையும் நிலைக்குப் பொதுப்பெயர் டெர்மட்டோஹீலியோசிஸ். இவருக்கு அது ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தது.

ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு என்னவெல்லாம் இருக்கலாம்?

முகத்தின் இரு பாதிகளும் வேறுபட்டால் மருத்துவர் முதலில் சூரியனைச் சந்தேகிப்பதில்லை. பாரி–ராம்பெர்க் நோயில் ஒரு பாதியின் கொழுப்பும் தசையும் கரைந்து கன்னம் ஒட்டிப்போகும், தோல் தடிக்காது. மார்ஃபியா எனும் தோல் நோயில் தோல் இறுகி வழுவழுப்பாகும். ஒரே பக்கம் ஒருக்களித்துத் தூங்குபவர்களுக்கு விழும் கோடுகள் நெற்றியோரத்திலும் கன்னத்திலும் செங்குத்தாக ஓடும். கரும்புள்ளிகளோ முடிச்சுகளோ அதில் வராது.

முகவாதம் இதற்கு நேர் எதிரான பாடம். முக நரம்பு செயலிழந்த பக்கத்தில் நெற்றிக் கோடுகள் அழிந்து தோல் நீவிவிட்டதுபோல் ஆகிவிடும். தசை இழுப்பதால் வரும் சுருக்கம் வேறு, தோலே கெட்டு வரும் சுருக்கம் வேறு என்பது இதில் தெளிவாகிறது. நெற்றியின் கிடைக்கோடுகளும், புருவங்களுக்கு இடையிலான நிமிர்ந்த கோடுகளும், கண்ணோரக் கோடுகளும் முதல் வகையில் தொடங்குகின்றன. தோல் இளமையாக இருக்கும்வரை, முகத்தைத் தளர்த்தியதும் அவை மறைந்துவிடும். உள்தோல் மெலிந்த பிறகு தசை ஓய்ந்தாலும் கோடு அங்கேயே நிற்கும். தசையைத் தளர்த்தும் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி வேலை செய்வது இந்தத் தசைக் கோடுகளில்தான். அழகுச் சிகிச்சையாகப் புருவ இடைக் கோடுகளுக்கு அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2002இல். நம் ஓட்டுநரின் இடது கன்னத்துக்கு அந்த ஊசியால் ஒரு பயனும் இருந்திருக்காது.

இந்த முகம் ஏன் ஒரு சோதனைக்குச் சமம்?

சுருக்கத்துக்குக் காரணம் தேடும் ஆய்வுகளில் பெரிய தலைவலி, மனிதர்கள் எல்லா வகையிலும் வேறுபடுவது. ஒருவர் புகைப்பார், இன்னொருவர் புகைக்கமாட்டார். ஒருவரின் பெற்றோர் எழுபதிலும் வழவழப்பான முகத்தோடு இருந்திருப்பார்கள். உணவு, தூக்கம், ஹார்மோன், நோய் எல்லாம் வேறு வேறு. இங்கே இரண்டு கன்னங்களும் ஒரே ஆளுடையவை. ஒரே மரபணு, ஒரே வயது, ஒரே சாப்பாடு. அவர் புகைத்திருந்தாலும் அந்தப் புகை இரு கன்னத்துக்கும் பொது. இந்த நோய்க்கூட்டுக்கும் புகைப்பழக்கத்துக்கும் வலுவான தொடர்பு உண்டு என்பதால் இதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆனால் இரு பக்கங்களுக்கும் இடையிலான *வித்தியாசத்தை* புகையால் விளக்க முடியாது. அதை விளக்குவது சன்னல் மட்டும்தான்.

ஒற்றை நிகழ்வு என்பதால் இதைக் கொண்டு எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது என்பதும் உண்மை. இது தீவிரமான உதாரணம்; எல்லா ஓட்டுநர்களுக்கும் இப்படி ஆவதில்லை. சமூக ஊடகங்களில் இந்தப் படம் சுற்றும்போது வலது கன்னத்தை ‘வெயிலே படாத கன்னம்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. வலது கன்னமும் வெயில் கண்ட கன்னம்தான், அதிலும் சுருக்கங்கள் இருக்கின்றன. படம் காட்டுவது கூடுதல் ஒளி ஏற்படுத்திய கூடுதல் சேதத்தை. அசல் ஒப்பீடு வேண்டுமென்றால், வயதான எவரும் தம் புறங்கைத் தோலையும் மேற்கையின் உட்புறத் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் வயது ஒன்றே. உட்புறம் மெலிந்து, லேசாகத் தளர்ந்திருக்கும். அதுதான் காலத்தின் வேலை. புறங்கையின் திட்டுகளும் சொரசொரப்பும் ஆழமான கோடுகளும் பெரும்பாலும் ஒளியின் வேலை.

கண்ணாடி எதை மறிக்கிறது, எதை விடுகிறது?

தரையை அடையும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 95 சதவீதம் யுவிஏ. 315 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது. மிச்சம் யுவிபி, அதைவிடக் குறுகிய அலை. தோலைச் சிவக்க வைப்பதும் எரிய வைப்பதும் பிரதானமாக யுவிபி. அது மேல்தோலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். யுவிஏ உள்தோல் வரை இறங்கும்.

சாதாரணச் சன்னல் கண்ணாடி யுவிபியை ஏறத்தாழ முழுமையாக மறித்துவிடும். யுவிஏயில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஓட்டுநருக்கு நடந்தது இதுதான். எச்சரிக்கும் கதிர் வெளியே நின்றுவிட்டது; ஓசையில்லாமல் வேலை செய்யும் கதிர் உள்ளே வந்தது.

வண்டியின் முன்கண்ணாடி அப்படியல்ல. அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விபத்தில் சிதறாமலிருக்கச் செய்த ஏற்பாடு, தற்செயலாக யுவிஏயையும் மறிக்கிறது. 2016இல் ‘ஜாமா ஆஃப்தால்மாலஜி’ இதழில் வந்த அளவீடு ஒன்று, 15 நிறுவனங்களின் 29 கார்களைச் சோதித்தது. முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீத யுவிஏயை மறித்தன. வண்டிக்கு வண்டி பெரிய வேறுபாடு இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடிகள் சாதாரணச் சன்னல் கண்ணாடியைவிட அதிகம் மறித்தன, சராசரி 71 சதவீதம்; ஆனால் வீச்சு 44 முதல் 96 வரை. விலை உயர்ந்த வண்டி என்றால் பாதுகாப்பு அதிகம் என்றும் சொல்லிவிட முடியாது. கறுப்பாகத் தெரியும் கண்ணாடி எல்லாம் யுவிஏயை மறிப்பதுமில்லை. நிறமே இல்லாத சில படலங்கள் கிட்டத்தட்ட முழுவதையும் மறிக்கின்றன. கண் பார்ப்பது வெளிச்சத்தை, புற ஊதாவை அல்ல.

இதே காரணத்தால்தான் வானிலை அறிக்கையின் புற ஊதாக் குறியீட்டு எண் சன்னலோரம் உட்காருபவருக்கு அவ்வளவாக உதவாது. அது தோல் சிவக்கும் ஆபத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, அதாவது பெரும்பாலும் யுவிபியை. யுவிஏ காலையிலும் மாலையிலும் குளிர்காலத்திலும் யுவிபி அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை.

ஓட்டுநர் பக்கத்துத் தோல் அதிகம் பாதிக்கப்படுவதை வேறு ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் தோல் புற்றுகள் இடது பக்கத்தில் அதிகம் தோன்றுவதை 2010இல் ஒரு ஆய்வு பதிவுசெய்தது. வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் ஆஸ்திரேலியாவில் வலது பக்கச் சேதம் அதிகம் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். வண்டியின் அமைப்பு மாறினால் முகத்தின் பக்கமும் மாறுகிறது.

உள்தோலில் நடப்பது

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், இழுத்தால் திரும்பவைப்பது எலாஸ்டின். தோலின் கொலாஜன் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதன் அரை ஆயுள் 15 ஆண்டுகள் அளவில் மதிப்பிடப்பட்டுள்ளது. எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் சிறுவயதிலும் உருவாகிவிடுகிறது, பிறகு பெரிதாகப் புதிது வருவதில்லை. ஆகவே இங்கே ஏற்படும் சேதம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

சேதம் எப்படி ஏற்படுகிறது என்பதை 1990களில் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் கேரி ஃபிஷர், ஜான் வூர்ஹீஸ் குழு படிப்படியாகக் காட்டியது. புற ஊதாக் கதிர் பட்டதும் செல்களில் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறக்கின்றன. அவை ஏபி-1 எனும் மரபணுச் சுவிட்சைத் தட்டுகின்றன. அதன் விளைவாக எம்எம்பி என்ற குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் சுரந்து கொலாஜனை வெட்டுகின்றன. அதே வேளையில் புதிய கொலாஜன் தயாரிப்பும் குறைகிறது. இதில் முக்கியமான கண்டுபிடிப்பு: தோல் சிவப்பதற்கு வேண்டியதைவிடக் குறைந்த கதிரே இந்த நொதிகளைத் தூண்டப் போதும். ‘எனக்கு வெயில் சுடவே இல்லையே’ என்பது கொலாஜனைப் பொறுத்தவரை அர்த்தமற்ற வாதம்.

வெட்டுப்பட்ட கொலாஜன் சரியாக மறுபடி கட்டப்படுவதில்லை. நார்களைப் பற்றிக்கொண்டு விறைப்பாக இருந்தால்தான் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் தயாரிக்கும். பிடிமானம் அறுந்ததும் அவை சுருண்டு, உற்பத்தியைக் குறைத்து, வெட்டும் நொதிகளை இன்னும் அதிகம் சுரக்கின்றன. சேதமே அடுத்த சேதத்தை வளர்க்கிறது. எலாஸ்டின் பக்கத்திலோ நார்கள் குறைவதற்குப் பதிலாக, சிக்கி உருண்ட நூல்கண்டுபோல் உதவாத பொருள் குவிகிறது. ஓட்டுநரின் திசுத் துண்டில் தெரிந்தது அதுதான்.

ஒளி தவிர

புகையிலை தனியாகவே எம்எம்பி நொதிகளைக் கூட்டுகிறது, இரத்த ஓட்டத்தைக் குறுக்குகிறது. நெடுநாள் புகைப்பவர்களின் உதட்டைச் சுற்றிய செங்குத்துக் கோடுகள் பிரசித்தம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் முதல் ஐந்து ஆண்டுகளில் தோல் கொலாஜனில் 30 சதவீதம் வரை குறையலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பல பெண்கள் ‘திடீரென்று முகம் தளர்ந்துவிட்டது’ என்பதில் உண்மை இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை நோயில் கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைக்கின்றன. தண்ணீர் அதிகம் குடித்தால் சுருக்கம் போகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கணினித் திரையின் நீல ஒளி பற்றிய பயமும் விளம்பரங்கள் ஊதியது; சூரியனிடமிருந்து வரும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம்.

நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1979இல் வந்த அளவீடு ஒன்றின்படி வெள்ளைத் தோலின் மேல்தோல் சராசரியாக 55 சதவீத யுவிஏயைக் கீழே விட்டது. கறுப்புத் தோலின் மேல்தோல் 17.5 சதவீதத்தையே விட்டது. அதனால் கறுத்த, மாநிறத் தோல்களில் சுருக்கம் தாமதமாகவே வரும். ஆனால் அந்த 17.5 பூஜ்யம் அல்ல. தவிர, இந்தத் தோல்களில் ஒளியின் சேதம் முதலில் கோடுகளாக அல்ல, திட்டுகளாகவும் மங்காகவும் முகம் காட்டும். கோடு இல்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கன்னத்தின் கருந்திட்டைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை

ஓட்டுநருக்குப் பரிந்துரைத்தவை மூன்று: வெயில் பாதுகாப்பு, மேலே பூசும் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து), தோல் புற்றுக்கான தொடர் கண்காணிப்பு. லேசர், நிரப்பு ஊசி என்று எதுவும் அந்தக் குறிப்பில் இல்லை.

சுருக்கத்துக்கான பூச்சுகளில் நீண்ட நாள் ஆதாரம் உள்ள ஒரே குடும்பம் ரெட்டினாய்டுகள் என்று சொன்னால் மிகையாகாது. பருவுக்காக ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாய்டைப் பூசியவர்களின் தோல் வழவழப்பாவதைக் கவனித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், 1986இல் ஒளியால் முதுமையடைந்த தோலில் அதன் பயனை எழுதினார். 1988இல் மருந்தில்லாத வெறும் பூச்சோடு ஒப்பிட்ட சோதனை வந்தது. 1995இல் நுண்சுருக்கங்களுக்கான மருந்தாக 0.05 சதவீத ட்ரெட்டினாயின் கிரீமுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. கொலாஜனை வெட்டும் நொதிகளை அடக்கி, புதிய கொலாஜனைத் தூண்டுவது இதன் வேலை. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். முதல் வாரங்களில் தோல் உரிந்து எரியும், பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். வாரம் இரண்டு மூன்று இரவுகள், பட்டாணி அளவு, ஈரப்பதக் கிரீமுடன் என்று தொடங்கினால் தாக்குப்பிடிக்கலாம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் பூசக் கூடாது. மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ரெட்டினால் இதைவிட மென்மையானது, பலனும் அதற்கேற்பக் குறைவு.

ஈரப்பதக் கிரீம்கள் மேல்தோலில் நீரைப் பிடித்துவைத்து நுண்கோடுகளைச் சில மணி நேரம் மறைக்கும். அது ஏமாற்று அல்ல, ஆனால் சிகிச்சையும் அல்ல. கொலாஜன் பூசும் கிரீம்கள் பற்றி ஒரே வரி: அந்த மூலக்கூறு தோலைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவு பெரியது.

தடுப்பு: எவ்வளவு முடியும்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நாம்பூரில் 1992இல் தொடங்கிய சோதனை, இந்தக் கேள்விக்கு இன்றுவரை கிடைத்த சிறந்த பதில். 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் எஸ்பிஎஃப் 15 சன்ஸ்கிரீனைத் தினமும் தலை, கழுத்து, கைகளில் பூசினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் தோன்றியபோது பூசினார்கள். புறங்கைத் தோலைச் சிலிக்கோனில் அச்செடுத்து, தொடக்கத்திலும் நாலரை ஆண்டுகள் கழித்தும் ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் அவர்களுடைய தோல் மேலும் முதுமையடைந்ததாகவே அச்சில் தெரியவில்லை. கூடவே சோதித்த பீட்டா கரோட்டின் மாத்திரை எந்த மாற்றமும் தரவில்லை. முடிவு 2013இல் வெளியானது.

நடுவயதில் தொடங்கியவர்களும் அதில் இருந்தார்கள் என்பதும், அந்தக் காலத்து எஸ்பிஎஃப் 15 பூச்சுக்கே இந்தப் பலன் கிடைத்தது என்பதும் கவனிக்க வேண்டியவை. ஆனால் வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. அந்த எண் தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. யுவிஏ பாதுகாப்பை அது சொல்வதில்லை. டப்பாவில் பிராட் ஸ்பெக்ட்ரம் என்றோ, வட்டத்துக்குள் யுவிஏ என்றோ, பிஏ எழுத்துகளுக்குப் பின்னால் கூட்டல் குறிகளோ இருக்க வேண்டும். பூச்சில் சேர்க்கப்படும் பொருள்களில் சிங்க் ஆக்சைடு யுவிஏயையும் மறிக்கும். அவோபென்சோன் நன்றாக மறிக்கும், ஆனால் நிலைப்படுத்தும் பொருள் சேர்க்காவிட்டால் ஒளியிலேயே சிதைந்துவிடும்.

அளவுதான் எல்லோரும் சறுக்கும் இடம். ஆய்வகத்தில் சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நடைமுறையில் மக்கள் பூசுவது பெரும்பாலும் அதில் கால் பங்கிலிருந்து பாதி. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய இரண்டு கோடுகள் வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். வண்டி ஓட்டுபவர்கள், சன்னலை ஒட்டி மேசை போட்டிருப்பவர்கள் இதை உள்ளே இருக்கும் நேரத்துக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட கைச்சட்டையும் விதி அனுமதிக்கும் யுவிஏ தடுப்புப் படலமும் பூச்சைவிட நம்பகமானவை. பூச மறந்துவிடுவோமோ என்ற கவலை அவற்றில் இல்லை.

கண்காணிப்பு

இவ்வளவு கதிர் வாங்கிய தோலில் சுருக்கம் சிறிய கவலைதான். யுவிஏயும் டிஎன்ஏவைச் சிதைக்கக்கூடியது என்பதால்தான் ஓட்டுநரைத் தொடர்ந்து பரிசோதிக்கச் சொன்னார்கள். சன்னல் பக்கத்துக் காது மடல், நெற்றிப்பொட்டு, மூக்கின் பக்கவாட்டு, கதவில் சாயும் முழங்கை ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். தடவினால் சொரசொரவென்று உரசி, உரிந்தாலும் மறுபடி வரும் திட்டு, முத்துப்போல் மினுங்கும் சிறு கட்டி, சில வாரங்களாக ஆறாமல் கசியும் புண், வடிவமோ நிறமோ மாறிவரும் மச்சம் என எது தென்பட்டாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பது காத்திருக்கக் காரணமாகாது.